காது நோய்களுக்குக் குறியீடு போடும்போது எங்கே தடுக்கி விழுகிறோம்?

நீங்கள் கேட்டது இதுதான்: மெடிக்கல் கோடிங் (நோயையும் சிகிச்சையையும் குறியீடுகளாக எழுதும் வேலை) படித்து முடித்து, அமெரிக்க ஈஎன்டி (காது, மூக்கு, தொண்டை) க்ளெய்ம்களில், அதாவது காப்பீட்டிடம் பணம் கேட்கும் பில்களில், வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். காது சம்பந்தப்பட்ட சார்ட்களில்தான் (நோயாளியின் மருத்துவப் பதிவுகளில்தான்) ஆடிட்டில் அதிகம் அடி வாங்குகிறீர்கள். எந்தக் காது என்று சொல்லாத எச்66.90 (நடுக்காது அழற்சி), எச்61.20 (இறுகிய குறும்பி) என்று போட்டால் திருப்பி அனுப்புகிறார்கள். அனுப்பிய பில்லுக்கும் டினையல் (பணம் தர மறுப்பு) வருகிறது. எதை மனப்பாடம் செய்தால் சரியாகும்?

மனப்பாடம் செய்ய அதிகம் இல்லை. ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க்குறியீட்டுப் புத்தகத்தில் எட்டாவது அத்தியாயம் காதுக்கானது, எச்60 முதல் எச்95 வரை. எச்60 முதல் 62 வரை புறச்செவி. எச்65 முதல் 75 வரை நடுக்காதும் அதன் பின்னாலுள்ள மாஸ்டாய்டு எலும்பும். எச்80 முதல் 83 வரை உட்செவி. எச்90 முதல் 94 வரை காது கேளாமை, வலி, சீழ் வடிதல், இரைச்சல். எச்95 அறுவை சிகிச்சையை ஒட்டி வரும் சிக்கல்கள். ஒரு மத்தியானத்தில் பார்த்து முடித்துவிடலாம். பிழைகள் வருவது அந்தப் புத்தகத்தால் அல்ல. டாக்டர் சார்ட்டில் எழுதியது ஒன்று, கோடர் அதில் படித்துக்கொண்டது இன்னொன்று. பெரும்பாலான காது டினையல்களைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் இங்கேதான் வந்து நிற்கும். எந்தக் காது, காதின் எந்தப் பகுதி, புதிதா நாள்பட்டதா, செவிப்பறை முழுதாக இருக்கிறதா என்ற நான்குக்கும் சார்ட்டில் பதில் தேடிவிட்டு அப்புறம் குறியீட்டைத் தேடுங்கள். சாஃப்ட்வேரின் தேடல் பெட்டியில் நோயின் பெயரைத் தட்டி, முதலில் வருவதை எடுப்பவருக்கு எப்போதும் 'குறிப்பிடப்படாத காது' என்பதுதான் கிடைக்கும்.

முதலில் எந்தக் காது என்பதைப் பார்ப்போம். 2015 அக்டோபர் 1 வரை அமெரிக்காவில் ஐசிடி-9 இருந்தது. அதில் நடுக்காது அழற்சிக்கு 382.9 என்று போட்டால் வேலை முடிந்தது. வலதா இடதா என்று யாரும் கேட்கவில்லை. ஐசிடி-10-சிஎம் வந்தபோது காதுக்குறியீடுகளில் பெரும்பாலானவற்றில் பக்கமும் சேர்ந்தது. 1 வலது, 2 இடது, 3 இரண்டும். எச்66.91 வலது, எச்66.92 இடது, எச்66.93 இரு காதும், எச்66.90 குறிப்பிடப்படாதது. இதுவரை எளிது.

சிக்கல் அந்தக் 'குறிப்பிடப்படாத' எண்ணில்தான். ஆறாவது இலக்கத்தில் பக்கம் வந்தால் குறிப்பிடப்படாததற்கு 9 என்பது வழக்கம்: நீச்சல்காரர் காதுக்கு எச்60.331, 332, 333, அப்புறம் 339. ஐந்தாவது இலக்கத்தில் வந்தால் பெரும்பாலும் 0. ஆனால் காது வலிக்கு எச்92.09, பக்கத்திலேயே இருக்கும் சீழ் வடிதலுக்கு எச்92.10. மெனியர் நோய்க்கு எச்81.09, அதற்கு அடுத்த பிபிபிவிக்கு (தலையை அசைக்கும்போது வரும் ஒருவகைத் தலைச்சுற்றல்) எச்81.10. ஆக, ஒரு குடும்பத்தில் கண்டதை அடுத்த குடும்பத்துக்கு ஊகிக்கக் கூடாது. எச்66.3, எச்83.3 போன்ற இடங்களில் ஐந்தாவது இலக்கத்தில் எக்ஸ் என்ற நிரப்பி வந்து, பக்கம் ஆறாவதற்குப் போகும். அந்த எக்ஸை விட்டுவிட்டால் க்ளெய்ம் பேயரிடம் (பணம் தரும் காப்பீட்டு நிறுவனத்திடம்) போய்ச் சேருவதற்கு முன்பே, இடையில் க்ளெய்மைச் சரிபார்த்து அனுப்பும் கிளியரிங்ஹவுஸில் விழுந்துவிடும்.

சார்ட்டில் டாக்டர் பக்கத்தை எழுதவில்லை என்றால் உடனே 0 போட்டுவிட வேண்டாம். அசெஸ்மென்ட்டில் (டாக்டர் தன் முடிவை எழுதும் பகுதியில்) இல்லாதது பரிசோதனைப் பகுதியில் இருக்கும்: 'வலது செவிப்பறை சிவந்து புடைத்துள்ளது, இடது இயல்பு' என்று. 2021 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள வழிகாட்டுதலின்படி, நோயை டாக்டர் சொல்லியிருந்து பக்கத்தை மட்டும் விட்டிருந்தால், நர்ஸ் போன்ற மற்ற மருத்துவப் பணியாளர் எழுதிய பதிவிலிருந்தும் பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். பதிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் மட்டும் டாக்டரைக் கேட்டாக வேண்டும். இந்த வசதி வந்த பிறகு, உண்மையாகவே எச்66.90 தேவைப்படும் சார்ட் அபூர்வம். அதனால்தான் உங்கள் ஆடிட்டர் அதைக் கண்டால் நிற்கிறார்.

இனி நடுக்காது. ஆடிட் பிழைகளில் பெரும்பங்கு இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு சார்ட் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

'வயது 4. இரண்டு நாளாகக் காய்ச்சல், வலது காதில் வலி. ஆறு மாதத்தில் இது மூன்றாவது முறை என்கிறார் தாய். வீட்டில் தந்தை புகைபிடிப்பவர். வலது செவிப்பறை புடைத்துள்ளது, பின்னால் சீழ் தெரிகிறது, துளை இல்லை. இடது இயல்பு. அசெஸ்மென்ட்: அக்யூட் ஓடிடிஸ் மீடியா, வலது. அமாக்சிசிலின் தொடங்கப்பட்டது.'

புதிய கோடர் எச்66.90 போடுவார். கொஞ்சம் படித்தவர், சீழ் இருக்கிறது, மூன்றாவது முறை, துளை இல்லை என்று கணக்குப் போட்டு எச்66.004 போடுவார். அதாவது செவிப்பறை கிழியாமல் வரும் சீழ் கொண்ட தீவிர நடுக்காது அழற்சி, மீண்டும் மீண்டும் வருவது, வலது. மருத்துவ ரீதியாக அவர் நினைப்பது சரியாகவே இருக்கலாம். ஆனால் கோடிங்காக அது தவறு. டாக்டர் 'சப்யூரேடிவ்' (சீழ் கொண்டது) என்று எழுதவில்லை, 'ரெக்கரன்ட்' (மீண்டும் மீண்டும் வருவது) என்றும் எழுதவில்லை. வெறும் 'அக்யூட் ஓடிடிஸ் மீடியா' என்ற சொல்லை இன்டெக்ஸில் தேடினால் அது எச்66.9 குடும்பத்துக்குத்தான் கொண்டுபோகும். ஆக இந்த சார்ட்டுக்கு இருக்கும் நிலையில் எச்66.91. சீழைப் பார்த்து நோயின் பெயரைச் சூட்டுவது டாக்டரின் வேலை. கோடர் அதைச் செய்தால் ஊகமாகிவிடும்.

எச்66.004 தான் உண்மை என்று தோன்றினால் க்வெரி, அதாவது டாக்டருக்கு எழுத்தில் ஒரு கேள்வி, அனுப்புங்கள். அதிலும் ஒரு முறை உண்டு. 'இது சப்யூரேடிவ்தானே?' என்று கேட்கக் கூடாது. பதிலை வாயில் வைத்துக் கேட்பதை அஹிமா, ஏசிடிஸ் என்ற இரு தொழில் அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட க்வெரி வழிகாட்டுதல் ஏற்பதில்லை. 'செவிப்பறைக்குப் பின்னால் சீழ் எனப் பரிசோதனையிலும், ஆறு மாதத்தில் மூன்றாவது முறை என வரலாற்றிலும் பதிவாகியுள்ளது. நடுக்காது அழற்சியின் வகையையும் போக்கையும் தெளிவுபடுத்த முடியுமா?' என்று கேட்டு, தேர்வுகளோடு 'வேறு', 'தீர்மானிக்க இயலவில்லை' என்பவற்றையும் கொடுக்க வேண்டும்.

அதே சார்ட்டில் காது வலிக்கு எச்92.01 தனியாகப் போடலாமா? வேண்டாம். வலி அந்த நோயின் பகுதிதான். காய்ச்சலும் அப்படியே. தந்தையின் புகையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: எச்65, எச்66 இரண்டின் கீழும் புகையிலை சம்பந்தமான கூடுதல் குறியீட்டைச் சேர்க்கச் சொல்லும் குறிப்பு இருக்கிறது. பிறர் புகையைச் சுவாசிப்பதற்கு இசட்77.22. அதனால் வரும் பணம் அதிகமாகாது என்பதற்காக அதை விட வேண்டியதில்லை. சார்ட் சொல்வதை முழுதாகச் சொல்வதுதான் நம் வேலை.

செவிப்பறை கிழிந்திருந்தால் பாதை மூன்றாகப் பிரியும். தீவிர சீழ் அழற்சியில் தானாகவே கிழிந்தது என்றால் எச்66.01 குடும்பம், கிழிசல் அந்தக் குறியீட்டுக்குள்ளேயே அடக்கம், செவிப்பறைத் துளைக்கான எச்72-ஐச் சேர்க்கக் கூடாது, அங்கே எக்ஸ்க்ளூட்ஸ்1 (இரண்டையும் ஒன்றாகப் போடாதே என்ற குறிப்பு) தடை இருக்கிறது. நாள்பட்ட அழற்சியோடு துளை இருந்தால் முதலில் அழற்சி, இரண்டாவதாக எச்72. உதாரணமாக வலது காதில் நாள்பட்ட டியூபோடிம்பானிக் வகை, நடுவில் துளை: எச்66.11, பிறகு எச்72.01. வரிசையை மாற்றினால் தவறு, ஏனென்றால் எச்72-இன் கீழ் அழற்சியை முதலில் போடு என்று எழுதியிருக்கிறது. மூன்றாவது, அறை வாங்கியோ பஞ்சுக்குச்சி குத்தியோ கிழிந்த செவிப்பறை. அது காது அத்தியாயத்திலேயே இல்லை. காயங்களின் அத்தியாயத்தில் எஸ்09.2. வலது, முதல் சிகிச்சைக் கட்டம் என்றால் எஸ்09.21எக்ஸ்ஏ. கூடவே எப்படி நடந்தது என்பதற்கான வெளிக்காரணக் குறியீடு. காதில் மாட்டிய மணி, பூச்சி போன்றவையும் அதே பகுதிதான்: டி16.1எக்ஸ்எக்ஸ்ஏ வலது, டி16.2எக்ஸ்எக்ஸ்ஏ இடது.

புறச்செவியில் இரண்டு விஷயம் மட்டும். பூஞ்சை என்று டாக்டர் எழுதினால் எச்60-இல் தேடிக்கொண்டிருக்காதீர்கள்; தொற்றுநோய் அத்தியாயத்துக்குப் போக வேண்டும். கேண்டிடா என்று சொல்லியிருந்தால் பி37.84 ஒன்றே போதும். இன்னொன்று கொலஸ்டியடோமா (காதுக்குள் தோல் செல்கள் சேர்ந்து வளரும் கட்டி): புறச்செவிக் குழாயில் என்றால் எச்60.4, நடுக்காதில் என்றால் எச்71, மாஸ்டாய்டு அறுவைக்குப் பின் அந்தக் குழியில் திரும்ப வந்தால் எச்95.0. பெயர் ஒன்று, இடம் மூன்று.

காது கேளாமைக்கு வருவோம். எச்90 ஒரு விநோதக் குடும்பம். இங்கே எச்90.3 என்ற நான்கு இலக்கமே முழுக் குறியீடு: இரு காதிலும் நரம்புவழிக் கேளாமை. பக்கத்துக்குத் தனி இலக்கம் தேடிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எச்90.0 இரு காதிலும் கடத்தல்வழி, எச்90.6 இரு காதிலும் கலப்பு. ஒரு காதில் மட்டும் என்றால் எச்90.1, எச்90.4, எச்90.7 என்ற மூன்றும், அவற்றோடு ஒரு நிபந்தனையும் வரும்: மறு காதில் கேட்கும் திறன் குறையாமல் இருக்க வேண்டும்.

மறு காதும் பாதிக்கப்பட்டிருந்து, ஆனால் வேறு வகையில் பாதிக்கப்பட்டிருந்தால்? 2016 அக்டோபர் வரை இதற்கு இடமே இல்லை. அப்போது சேர்ந்ததுதான் எச்90.ஏ வரிசை. ஆடியோகிராமில் வலது காதில் கடத்தல்வழிக் கேளாமை, இடது காதில் நரம்புவழி என்று வந்தால் எச்90.ஏ11, எச்90.ஏ22 இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும். ஒவ்வொன்றும் தன் காதைச் சொல்லி, மறு காதும் குறைபட்டது என்பதையும் சொல்கிறது. இந்த இடத்தில் எச்90.11, எச்90.42 என்று ஜோடி போடுபவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் முதல் குறியீடு 'இடது காது நன்றாக இருக்கிறது' என்கிறது, இரண்டாவது 'இடது காது கெட்டது, வலது நன்றாக இருக்கிறது' என்கிறது. ஒரே பில்லில் நோயாளி தனக்குத்தானே சாட்சி மாறிச் சொல்கிறார். பேயரின் எடிட் (தானியங்கிச் சரிபார்ப்பு) இதைப் பிடிக்காமல் விட்டாலும் ஆடிட்டர் விட மாட்டார்.

வயதால் வரும் கேளாமை எச்91.1, திடீர் கேளாமை எச்91.2. மருந்தால் வந்தது எச்91.0, அதில் வரிசை முக்கியம். சரியாகக் கொடுத்த அமினோகிளைகோசைடு மருந்தின் பக்க விளைவு என்றால் முதலில் எச்91.03 போன்ற நோய், பிறகு டி36.5எக்ஸ்5ஏ. தவறான மருந்தோ அதிக அளவோ காரணம் என்றால் அது நச்சுப் பாதிப்பு. அப்போது டி குறியீடுதான் முன்னால் வரும். காது இரைச்சல் எச்93.1. நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்கும் இரைச்சல் என்று எழுதியிருந்தால் எச்93.ஏ, அதுவும் 2016 அக்டோபரில்தான் பிரிந்தது.

தலைச்சுற்றலில் நடப்பது வேறு வகைப் பிழை. 'ப்ராபபிள் பிபிபிவி' என்று டாக்டர் எழுதுகிறார், கோடர் எச்81.11 போடுகிறார். வெளிநோயாளி பில்லில் 'ப்ராபபிள்', 'சஸ்பெக்டெட்', 'ரூல் அவுட்', 'கன்சிஸ்டன்ட் வித்' என்று தொடங்கும் எதற்கும் நோய்க்குறியீடு கிடையாது. அறிகுறிக்குத்தான் போட வேண்டும், இங்கே தலைச்சுற்றலுக்கான ஆர்42. உள்நோயாளியாக மருத்துவமனையில் இருந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது மருத்துவமனைத் தரப்பு பில்லுக்கு விதி தலைகீழ்: சந்தேகத்தை நோயாகவே எடுத்துக்கொள்ளலாம். மருத்துவமனை கோடிங்கிலிருந்து கிளினிக் கோடிங்குக்கு மாறி வருபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். நோய் உறுதியான பிறகு ஆர்42-ஐ எச்81-உடன் சேர்த்துப் போடவும் கூடாது, எக்ஸ்க்ளூட்ஸ்1 தடுக்கிறது.

அன்றே எப்லி முறையில் (பிபிபிவிக்கான சிகிச்சை) தலையைத் திருப்பி சரிசெய்திருந்தால் 95992; இது நோய்க்கு அல்ல, செய்த சேவைக்கான சிபிடி என்ற பட்டியலின் குறியீடு. ஒரு நாளைக்கு ஒரு முறைதான், எத்தனை தடவை திருப்பினாலும். அதற்குக் காரணமாகச் சுட்டும் நோய் ஆர்42 ஆக இருந்தால் பேயர் ஏன் பணம் தர வேண்டும்? பிபிபிவியைக் கண்டறியும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனை எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்பது சார்ட்டில் இருந்தால் நோயின் பெயரும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் க்வெரிக்கு அது நல்ல காரணம்.

பில்லிங் பக்கத்தில் காதுக் குறும்பியைப் போல வம்பு பிடித்தது வேறில்லை. அழுக்கு எடுத்ததற்கெல்லாம் 69210 (குறும்பி அகற்றலுக்கான குறியீடு) கிடையாது. குறும்பி அடைத்து இறுகியிருக்க வேண்டும், அதாவது இம்பாக்டட் ஆக இருக்க வேண்டும். செவிப்பறையைப் பார்க்க விடாமல் மறைப்பது, இறுகி வலியோ அரிப்போ கேளாமையோ தருவது, நாற்றமோ தொற்றோ சேர்ந்திருப்பது, உருப்பெருக்கியும் பல கருவிகளும் டாக்டரின் கைத்திறனும் இல்லாமல் எடுக்க முடியாத அளவு அடைப்பு: இவற்றில் ஒன்றாவது சார்ட்டில் தெரிய வேண்டும். இளகிய குறும்பியைத் துடைத்து எடுத்தது விசிட்டுக்குள் அடக்கம்.

எடுத்த விதமும் முக்கியம். க்யூரெட், ஃபோர்செப்ஸ், சக்ஷன் போன்ற கருவியால் எடுத்தால் 69210. தண்ணீர் பீய்ச்சி மட்டும் எடுத்தால் 69209; இது 2016-இல் வந்தது. ஒரே காதில் இரண்டும் செய்தால் 69210 மட்டும். 'இரு காதிலும் குறும்பி அகற்றப்பட்டது, நோயாளி நலம்' என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. 'இரு காதிலும் இறுகிய குறும்பி, செவிப்பறை தெரியவில்லை, மைக்ரோஸ்கோப்பின் கீழ் க்யூரெட்டாலும் சக்ஷனாலும் எடுக்கப்பட்டது, பிறகு இரு செவிப்பறையும் இயல்பாகத் தெரிந்தன' என்று இருந்தால் எச்61.23, 69210, கேள்வி கேட்க ஆளில்லை.

69210-இன் விளக்கம் 2014 முதல் ஒரு காதுக்கானது. எனவே இரு காதுக்கு 50 மாடிஃபையர் (இரு பக்கமும் செய்தது என்று குறியீட்டோடு ஒட்டும் எண்) போடலாம் என்கிறது சிபிடி. முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் அதை ஏற்பதில்லை. அவர்கள் கட்டணப் பட்டியலில் இரு காதுக்கும் சேர்த்தே விலை வைத்திருப்பதாகக் கணக்கு, ஒரு யூனிட்டுக்கான தொகைதான் வரும். தனியார் பேயர்கள் ஆளுக்கொரு விதம். இந்த ஒரு குறியீட்டுக்கு மட்டுமாவது உங்கள் டீமில் பேயர் வாரியாக ஒரு தாள் இருக்க வேண்டும். அன்றே ஆடியோலஜிஸ்ட் கேட்கும் திறன் சோதனை செய்து, அதற்கு முன் டாக்டர் குறும்பியை எடுத்துக் கொடுத்திருந்தால் மெடிகேருக்கு 69210 அல்ல, ஜி0268.

கூடவே விசிட்டுக்கும் பில் போடலாமா, 25 மாடிஃபையரோடு (அதே நாளில் தனி விசிட்டும் நடந்தது என்பதற்கான எண்)? நோயாளி 'காது அடைக்கிறது' என்று வந்தார், பார்த்தார்கள், குறும்பி, எடுத்தார்கள், போய்விட்டார். இதில் தனி விசிட் இல்லை. எடுப்பதற்கு முன் பார்ப்பது அந்தச் சிகிச்சையின் பகுதிதான். அவரே இரைச்சலைப் பற்றியும் சொல்லி, டாக்டர் அதைத் தனியாக ஆராய்ந்து சோதனைக்கு எழுதியிருந்தால் விசிட் நிற்கும். அதைச் சுட்டும் நோயாக எச்93.1-இல் உரிய பக்கத்தைக் கொடுங்கள். 25-க்கு வேறு நோய் கட்டாயம் என்று விதியில் இல்லை. ஆனால் வேலை தனியாகத் தெரிய வேண்டும். எல்லா 69210-க்கும் பழக்கமாக 25 ஒட்டும் கிளினிக்குகளைப் பேயர்கள் புள்ளிவிவரத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அப்புறம் நியாயமான விசிட்டுக்கும் ரெக்கார்ட்ஸ் கேட்டுக் கடிதம் வரும்.

சுட்டுவது என்று சொன்னேன். சிஎம்எஸ்-1500 என்ற க்ளெய்ம் படிவத்தின் 21-ஆம் பெட்டியில் ஏ முதல் எல் வரை பன்னிரண்டு நோய்கள் எழுதலாம். 24இ-இல் ஒவ்வொரு சேவை வரிக்கும் அவற்றில் நான்கு வரை சுட்டலாம். காது பில்களில் குறியீடுகள் எல்லாம் சரியாக இருந்தும் விழுவது இங்கேதான். குறும்பி வரி இரைச்சலைச் சுட்டும், விசிட் வரி குறும்பியைச் சுட்டும். சாஃப்ட்வேர் எல்லா வரிக்கும் ஏபிசிடி என்று தானாகப் போட்டுவிடும், யாரும் பார்ப்பதில்லை. டினையல் காரண எண் 11 வந்தால், அதாவது நோயும் சேவையும் பொருந்தவில்லை என்றால், குறியீட்டைச் சந்தேகிக்கும் முன் சுட்டியைப் பாருங்கள்.

கேட்கும் திறன் சோதனைகளில் இரண்டு விதி போதும். முதலாவது, இந்தச் சோதனைகள் இரு காதுக்கும் சேர்த்தே வரையறுக்கப்பட்டவை. 50 மாடிஃபையர் கிடையாது, ஒரு காதை மட்டும் சோதித்தால் 52 (குறைத்துச் செய்த சேவை). இரண்டாவது, தொகுத்த குறியீடு இருக்கும்போது உதிரியாகப் போடக் கூடாது: 92553-ம் 92556-ம் ஒரே நாளில் என்றால் 92557; 92567-ம் 92568-ம் என்றால் 92550. மெடிகேருக்கு சோதனையின் முடிவை விட அதைச் செய்த காரணம் முக்கியம். இரைச்சலுக்காகச் சோதித்து முடிவு இயல்பாக வந்தாலும் இரைச்சலைச் சுட்டி பில் போடலாம். காது கேட்கும் கருவி பொருத்துவதற்காக மட்டும் சோதித்தால், முடிவு எவ்வளவு மோசமாக இருந்தாலும் மெடிகேர் தராது. கருவியும் அதற்கான சோதனையும் சட்டப்படியே விலக்கப்பட்டவை. நோயாளிக்கு மறுப்புக் கடிதம் தேவைப்பட்டால் ஜிஒய் மாடிஃபையரோடு அனுப்புவார்கள். டாக்டரின் ஆர்டர் இல்லாமல் நேராக ஆடியோலஜிஸ்டிடம் வருபவருக்கு 2023 முதல் ஏபி மாடிஃபையர் இருக்கிறது: தீவிரமில்லாத கேட்டல் குறைபாட்டுக்கு, 12 மாதத்துக்கு ஒரு முறை. தலைச்சுற்றல் சோதனைக்கு அது செல்லாது.

பள்ளியிலோ பிறந்தபோதோ ஸ்க்ரீனிங்கில் தேறாமல் வந்த குழந்தைக்கு இசட்01.110. வெறும் பரிசோதனை, குறை ஏதும் இல்லை என்றால் இசட்01.10. குறை கண்டால் இசட்01.118, கூடவே கண்ட குறை.

செவிப்பறையில் டியூப் வைக்கும் அறுவையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முழு மயக்கத்தில் 69436, மரத்துப்போகச் செய்து வைத்தால் 69433. இரு காது என்றால் 50. செவிப்பறையைக் கீறியதற்குத் தனியாக 69421 போடாதீர்கள், கீறாமல் டியூப் வைக்க முடியாது. நோயாக எச்65.23 அல்லது எச்65.33 என்று நாள்பட்ட தன்மை தெரிய வேண்டும். பத்து நாள் குளோபல் காலத்துக்குள் (அறுவைக் கட்டணத்திலேயே பின்கவனிப்பும் அடங்கும் காலம்) வரும் வழக்கமான மறுபார்வைக்குப் பணம் கிடையாது. அதன் பிறகு வருகிறார், டியூப் இருக்கிறது, காது நன்றாக இருக்கிறது என்றால் இசட்96.22, ஏற்கனவே குணமான எச்65.23-ஐப் பழைய சார்ட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வர வேண்டாம். காப்பி-பேஸ்ட் சார்ட்களில் இந்தப் பிழை தினம் தினம் வருகிறது.

கடைசியாக டினையலைக் கையாளுவது. காரண எண் 16 வந்தால் தகவல் குறை, 4 வந்தால் மாடிஃபையர் பொருந்தவில்லை, 97 வந்தால் வேறொன்றுக்குள் அடக்கம், 50 வந்தால் மருத்துவத் தேவை தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் சார்ட்டைத் திறந்து பார்ப்பதுதான் முதல் வேலை. 50 வந்ததும் எந்த நோயைப் போட்டால் பணம் வரும் என்று பேயரின் பட்டியலைத் திறக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சார்ட்டில் இல்லாத நோயை அங்கிருந்து எடுத்துப் போட்டால் அது திருத்தம் அல்ல, பொய்க் க்ளெய்ம். கூட்டாட்சிச் சட்டத்தில் அதற்குத் தனிப் பெயரும் தண்டனையும் உண்டு. சார்ட்டில் இருந்ததை நீங்கள் விட்டிருந்தால் திருத்திய க்ளெய்ம். சார்ட்டும் க்ளெய்மும் சரியாக இருந்து பேயர்தான் தவறு என்றால் அப்பீல். இரண்டையும் குழப்பிக்கொள்வதில் நாட்கள் போய்விடும். மெடிகேரில் முதல் க்ளெய்முக்கு சேவை நாளிலிருந்து ஒரு வருடம், முதல் கட்ட அப்பீலுக்கு முடிவு கையில் கிடைத்ததிலிருந்து 120 நாள். எந்த ஆண்டின் குறியீடு என்பதையும் பில் அனுப்பும் நாள் அல்ல, சேவை நாளே தீர்மானிக்கிறது: செப்டம்பர் 30-இல் பார்த்த காதுக்கு அக்டோபரில் வந்த புதுக் குறியீட்டைப் போட்டால் அதுவும் திரும்பி வரும்.